படுத்திருக்கும் சீமெந்துக் கழுதை

மன்னார்த் தீவு முழுக்கத் தேடினாலும் சிலை செய்யத் தெரிந்த மேசன் நான் ஒருவன்தான். இந்தியாவில் கோயில் கோபுரத்தில் ஏறி நின்று சாமி செய்த கை இது.

பொய். ஏறியது உண்மை, ஆனால் கலவை வாளியோடு ஏறினேன். சாமி செய்தவர் வேறொருவர். ஒரு கண்ணை மூடி மற்றக் கண்ணால் பார்த்துப் பார்த்துச் செய்வார். அவருடைய வெற்றிலைப் பெட்டியைத் தூக்கியதும் நான்தான். கோபுரம் என்பதும் கொஞ்சம் கூடத்தான். அது கோயில் மதில். மதிலின் மூலைக்கு ஒரு நந்தி வைத்தார்கள். என் சிற்ப சாஸ்திரம் அந்த நந்திகளோடு தொடங்கி அந்த நந்திகளோடு முடிந்தது.

அப்போது நாங்கள் தமிழ்நாட்டில் அகதி முகாமில் இருந்தோம். தலைமன்னாரில் வள்ளம் ஏறும்போது எனக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. முகாமில் பள்ளிக்கூடம் இருந்தது. அதன்மேல் குற்றமில்லை, அது தினமும் மணியடித்துக் கூப்பிட்டது. நான்தான் போகவில்லை. இதில் வரும் எழுத்துப் பிழைகளை மகள் திருத்துவாள். பொய்களை மனைவி திருத்துவாள்.

ஊருக்குத் திரும்பி வந்து தோட்டவெளியில் குடியேறி, சுவர் கட்டியும் பூசியும் பிழைத்துக்கொண்டிருந்தவனை இந்தக் கோபுரக் கதைதான் மாட்டிவிட்டது. தேத்தண்ணிக் கடைகளில் பல வருடமாக அதைச் சொல்லித் திரிந்தேன். சொல்லச் சொல்லக் கோபுரம் உயர்ந்தது. ஒருநாள் அது ஒரு அதிகாரியின் காதில் விழுந்தது.

மன்னார்ப் பட்டணத்தில் ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. சில ஊஞ்சல்கள், ஒரு சறுக்கு, மூன்று பக்கம் வேலி. நாலாம் பக்க வேலியைச் சோளகக் காற்று படுக்க வைத்துவிட்டது. மத்தியானத்தில் அந்தச் சறுக்கில் இருந்தால் பின்பக்கம் வெந்துவிடும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக இந்தப் பக்கத்தில் வேறு இடம் இல்லாதபடியால் எல்லோரும் அங்கேதான் போவார்கள். அதைத் திருத்தி, குடும்பமாக வந்து பார்க்கச் சில காட்சிகள் வைக்க வேண்டும், அவற்றில் ஊரின் பழமையும் தெரிய வேண்டும் என்று மேலிடத்தில் முடிவாகியது. பிள்ளைகள் ஏறி விளையாட ஒரு குட்டிக் கோட்டை. பொந்துக்குள்ளால் ஏறி மறுபக்கம் சறுக்கி இறங்க, மன்னாரில் நிற்கும் யானைத்தண்டி மரத்தைப் போல ஒரு சீமெந்துப் பெருக்கமரம். சுவரில் முத்துக்குளிக்கும் ஆட்களின் படம். பிறகு, மன்னார் என்றால் எல்லோருக்கும் நினைவு வரும் கழுதை.

கோட்டையையும் மரத்தையும் பெரிய ஒப்பந்தக்காரர் எடுத்துக்கொண்டார். கழுதைக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. பூங்கா வேலைக்குப் பொறுப்பான அதிகாரி என்னைத் தேடி வந்தார். இளம் பிள்ளை, நல்ல மனம், காற்சட்டையில் சீமெந்து படாமல் கட்டட வேலை பார்க்கத் தெரிந்தவர். இந்தியாவில் கோபுர வேலை செய்த ஆள் நீங்கள்தானோ என்று கேட்டார். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்காமல் ஓம் என்றேன்.

அவர் கைத்தொலைபேசியில் ஒரு படம் காட்டினார். ஏதோ அறபு நாட்டுக் கழுதை. முதுகில் மூட்டை, நாலு காலிலும் நிமிர்ந்த நிலை. இப்படிக் கம்பீரமாக நிற்க வேண்டும் என்றார். அது ஒரு பிரச்சினையே இல்லை என்று சொல்லிவிட்டேன்.

கால்களுக்கு அவர்கள் தந்த கம்பி மெல்லியது. தடித்தது வேண்டும் என்று கேட்டிருக்கலாம். கோபுரம் செய்தவன் கம்பிக்கு அழுவதா என்று ஒரு வீறாப்பு. கம்பியை வளைத்து, கோழிக்கூட்டு வலையைச் சுற்றி, வயிற்றுக்குக் கலவையை அப்பி, முண்டு கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் கழுதை நாலு காலையும் மடித்துக்கொண்டு நிலத்தில் இருக்கிறது. முண்டுத் தடிகள் சுற்றிவரக் கிடக்கின்றன. நான் அதைப் படுக்க வைக்கவில்லை. அதுவாகவே படுத்தது.

பூங்காவைக் காவல் காக்கும் வாச்சர் பக்கத்தில் வந்து நின்றார். என்னைவிட மூத்தவர், கோயில் பாடற்குழுவில் பாடுகிற கத்தோலிக்கர். களைத்துப்போச்சு போல என்று மட்டும் சொன்னார்.

நானும் சரி, படு என்று விட்டுவிட்டேன். மடிந்த கால்களை அப்படியே வைத்துப் பூசினேன். பூசப் பூசக் கை தன் பாட்டில் ஓடியது. அந்தக் கைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதானே. கழுத்து நிமிர்ந்தது, நெஞ்சு அகன்றது, முன்னங்கால் ஒன்று அழகாக உள்ளே மடிந்தது. முதுகில் திமில்கூட வந்துவிட்டது. சுரண்டி எடுத்தேன். முழுவதும் எடுபடவில்லை.

சோறு கொண்டுவந்த மனைவி அதைச் சுற்றி ஒருமுறை நடந்தாள்.

"இது என்ன?"

"கழுதை."

"அதுக்குத் தெரியுமோ?"

அதிகாரி வந்து அதை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு, நிற்கிற கழுதையைத்தானே கேட்டேன் என்றார். நான் விடவில்லை. அறபு நாட்டுக் கழுதை நிற்கும், எங்கள் கழுதை படுக்கும் என்றேன். மத்தியானத்தில் பஸ் போகிற தெருவின் நடுவே போய்ப் பாருங்கள், கூட்டமாகப் படுத்திருக்கும், சாரதி கையை எடுக்காமல் ஹோன் அடித்தாலும் திரும்பிப் பார்க்காது, கடைசியில் பஸ்தான் சுற்றிக்கொண்டு போகும், பழமை என்றால் அதுதான் பழமை என்று ஒரு பிரசங்கமே வைத்தேன். கம்பி மெலிந்த கதையை மட்டும் சொல்லவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

பூச்சின் ஈரம் காயுமுன் ஒரு வெள்ளிக்கிழமை வாச்சர் போன் எடுத்தார். "மேசன், உங்கட கழுதைக்கு ஆரோ பூ வைச்சிருக்கினம்."

சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். நெற்றியில் மூன்று கோடு திருநீறு. இரண்டு காதுக்கும் நடுவில் ஒரு செம்பருத்திப் பூ. வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய்வரும் ஒரு அக்கா வைத்துவிட்டுப் போனதாக வாச்சர் சொன்னார். உண்மையைச் சொன்னால் எனக்குப் புளுகம் தாங்கவில்லை, அவ்வளவு சந்தோசம். அந்த வெற்றிலைக்காரருடைய நந்திக்குக்கூடக் கும்பாபிஷேகம் முடிந்த பிறகுதான் பூ விழுந்தது.

சனிக்கிழமை கழுதையின் இடது காதில் குருத்தோலைச் சிலுவை ஒன்று கட்டியிருந்தது. ஆண்டவரை எருசலேமுக்குச் சுமந்துபோன வாகனம் எது என்று தெரியுமோ என வாச்சர் என்னிடம் கேட்டார். சிலுவையைக் கட்டியது யார் என்று கேட்டால் தெரியாதாம். தெருவின் மறுபக்கம் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா பிளேன்ரீயை ஆற்றிக்கொண்டே எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"கழுதையைக் கப்பல்ல கொண்டுவந்து இறக்கினது அறபு வியாபாரியள், எங்கட ஆக்கள். எங்கட சாமானுக்கு நீங்கள் ரெண்டு பேரும் அடிபடுறியள்."

ஒருவரும் அடிபடவில்லை. மூன்று பேரும் தேத்தண்ணி குடித்தோம். ஆனால் யாரோ திருநீற்றோடும் சிலுவையோடும் கழுதையைப் படமெடுத்து, பூங்காவுக்குள் புதுச் சாமி என்று எழுதிப் போட்டுவிட்டார்கள். படம் போனுக்குப் போன் தாவி மேலிடம் வரைக்கும் போய்விட்டது.

அதிகாரி வந்தபோது முகத்தில் இரத்தமில்லை. என்னை ஊஞ்சல் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"அண்ணை, இந்த நாட்டில ஒரு சிலை வந்தா அடுத்த கிழமை கூரை வரும். பிறகு வேலி வரும். பிறகு ஒலிபெருக்கி வரும். பிறகு நான் மாற்றலாகிப் போவன்."

"அது கழுதை, சேர்."

"நந்தி மாதிரி இருக்கு."

"நந்திக்குக் கொம்பிருக்கும். இதுக்குக் காது."

"காதும் கொம்பு மாதிரித்தான் நிக்குது. நீங்களே உடைச்சு விடுங்கோ. எங்க கம்பி இருக்கெண்டு உங்களுக்குத்தான் தெரியும்."

அந்த இடத்தில் என்ன வைக்கப்போகிறீர்கள் என்று கேட்டேன். வாயைத் திறந்தபடி நிற்கும் பென்குவின் ஒன்று ஏற்கெனவே கொழும்பிலிருந்து வந்து அவருடைய கந்தோர் அறையில் இருக்கிறதாம். குப்பைத்தொட்டி. பிள்ளைகளுக்குப் பிடிக்குமாம். எங்கள் வெயிலில் ஒரு பென்குவின். அதற்கு ஒரு சாரமும் தலைக்கு ஒரு துவாயும் சேர்த்துத் தாருங்கள் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. வேறொன்று சொன்னேன்.

"உடைக்க மாட்டன், சேர்."

அவர் நம்பவில்லை. எனக்கே நம்பிக்கை இல்லை. கந்தோர்க்காரருக்கு மாட்டன் என்று சொன்ன பழக்கம் எனக்குக் கிடையாது. வள்ளத்தில் இருந்தபோது எழும்பு, இறங்கு என்றார்கள். முகாமில் எழும்பு, பதிவுக்கு வா என்றார்கள். திரும்பி வந்து இடைத்தங்கல் கொட்டிலில் பாயை விரித்தால் எழும்பு, வேறு இடம் தருகிறோம் என்றார்கள். எழும்பி எழும்பியே நரைத்துவிட்டேன். நான் பூசிய சுவர்கள் இந்தத் தீவில் எத்தனையோ நிற்கின்றன. சுவரைப் பார்க்க யார் பிள்ளையோடு வருவார்கள்? பூசி முடிந்ததும் வீட்டுக்காரர் நிறம் அடிப்பார், அலுமாரியை நகர்த்தி வைப்பார், என் வேலை அலுமாரிக்குப் பின்னால் போய்விடும். என் கையால் செய்து ஆட்கள் நின்று பார்த்த ஒரே பொருள் இந்தக் கோணல் கழுதை. அழகாயில்லை என்று உடைக்கச் சொன்னால் உடைத்திருப்பேன். அது அழகில்லை என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஒருத்தி பூ வைத்தாள் என்பதற்காக உடைக்கச் சொன்னால் முடியாது.

இவ்வளவையும் அவரிடம் சொல்லவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, கண் தெரியாதவன் தடவிப் பார்த்தாலும் கழுதை என்று சொல்லும்படி திருத்தித் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் யோசித்தார். பயந்த மனிதர், கெட்ட மனிதர் இல்லை.

"ஞாயிற்றுக்கிழமை சனம் வரும். அண்டைக்கு ஒரு பூவோ திருநீறோ சிலுவையோ அதில இருக்கக்கூடாது. இருந்தா திங்கக்கிழமை காலமை உடைக்க ஆக்கள் வருவினம்."

காதைக் கவிழ்த்தேன். ஒரு காது கவிழ்ந்ததும் முயலாகிவிட்டது என்று மனைவி சொன்னாள். திரும்ப நிமிர்த்தினேன். இரண்டு நாள் அதன் முன்னால் குந்தியிருந்து யோசித்தபோதுதான் விசயம் பிடிபட்டது. நந்தி வாயைத் திறக்காது. கழுதை திறக்கும். உளியை எடுத்து வாயைப் பிளந்தேன். தலையைப் பின்னால் கொஞ்சம் சரித்து, ஊரெல்லாம் கேட்கக் கத்துகிற மாதிரி உதட்டைச் சுருட்டினேன். பல்லுக்கு, ஒரு வீட்டுக் குளியலறை வேலையில் மிஞ்சிய உடைந்த வெள்ளை மாபிள் துண்டுகளைப் பதித்தேன். உதடு எப்படிச் சுருளும் என்று பார்க்க வீட்டில் கண்ணாடியை எடுத்து நானே கத்திப் பார்த்தேன். பக்கத்து வீட்டு நாய் எழும்பி ஓடியது. வேலை முடிந்ததும் மனைவி வந்து பார்த்தாள்.

"இப்பதான் உங்கட முகச்சாடை வந்திருக்கு."

இருபத்து மூன்று வருடக் கல்யாணத்தில் அவள் என்னைப் பாராட்டியது அதுதான் முதல்தடவை என்று எடுத்துக்கொண்டேன்.

நேற்றுத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. வெயில் சரிந்ததும் சனம் வந்தது. குட்டிக் கோட்டையில் பிள்ளைகள் ஏறிச் சண்டை பிடித்தார்கள். பெருக்கமரத்தின் பொந்துக்குள் ஒரு மொத்தமான தகப்பன் இறுகிப்போய், மூன்று பேர் இழுத்து எடுத்தார்கள். ஆனால் வரிசை நின்றது கழுதையிடம்தான். உயிலங்குளத்திலிருந்து லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஒரு குடும்பமே வந்து இறங்கியது. அவர்களுடைய சின்னப் பெண் கழுதையின் வாய்க்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு, பல்லை எண்ணிவிட்டு, இது சிரிக்குதா அழுகுதா என்று தாயைக் கேட்டாள். தாய் தகப்பனைப் பார்த்தாள். அவன், உன் மாமாவும் இப்படித்தான், அவரைக் கேள் என்றான். வரிசை முழுக்கச் சிரித்தது. நிற்கிற கழுதையாக இருந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு எட்டியிருக்காது. படுத்திருந்தபடியால் நடை பழகுகிற குழந்தைகூடத் தானாக ஏறியது. மெல்லிய கம்பியின் புண்ணியம்.

கும்பிட ஒருவரும் வரவில்லை. நான் வேலியோரம் நின்றேன். யாராவது கையை உயர்த்தினால் ஓர் எட்டு முன்னால் வைப்பேன். தலை சொறியத்தான் உயர்த்துவார்கள். வாச்சர் நடந்து நடந்து பார்த்தார். நானாவும் கடையை விட்டு வந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். இருட்டப் போகிறது, தப்பிவிட்டோம் என்று நினைத்த நேரம் அந்த அக்கா வந்தார்.

யாரென்று வாச்சர் கண்ணால் காட்டினார். என் வயதுதான் இருக்கும். கையில் சின்னப் பனையோலைப் பெட்டி. பெட்டிக்குள் பூ. நேராகக் கழுதையிடம் போனார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"அக்கா, இது நந்தி இல்லை. கழுதை."

"தெரியும் தம்பி. அண்டைக்கும் தெரியும்."

கழுதைக்கு முன்னால் வாயைத் திறந்துகொண்டு நானும் நின்றேன். அவர் ஏறி விளையாடும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, சண்டை முடிந்து தாங்கள் ஊருக்குத் திரும்பிய நாளைச் சொன்னார். தெரு பற்றையாக இருந்ததாம். அயலில் ஒரு வீட்டிலும் ஆளில்லை. தங்கள் வீடு எதுவென்று கிணற்றை வைத்துத்தான் கண்டுபிடித்தார்களாம். கூரையில்லாத அந்த வீட்டின் வாசலில் ஒரு கழுதை படுத்திருந்ததாம்.

"எங்களைக் கண்டும் எழும்பேல்லை. ஊரில ஒரு உயிரெண்டாலும் நிக்குதெண்டு அண்டைக்குத்தான் நான் அழுதனான். அதுக்குத்தான் பூ."

இந்தப் பூ விழுந்தால் நாளை கழுதை இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதிகாரி சொன்னதை அப்படியே சொல்லியிருந்தால் அவர் பெட்டியை மூடிக்கொண்டு போயிருப்பார். வாச்சர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், சொல்லு சொல்லு என்று. நான் வழியை விட்டு விலகினேன்.

"வையுங்கோ அக்கா."

அவர் பூவை வைத்தார். இந்த முறை திருநீறு பூசவில்லை. வாச்சர் கண்ணுக்குள் தூசு விழுந்தது என்று சொல்லிக் கோட்டைப் பக்கம் போய்விட்டார். கத்துகிற வாயும் மாபிள் பல்லும் செம்பருத்தியுமாகக் கழுதை கோமாளி மாதிரி இருந்தது. அதை நந்தி என்று சொல்பவனுக்கு நந்தியையும் தெரியாது, கழுதையையும் தெரியாது. பூங்காவைப் பூட்டும் நேரம் வாச்சர் திரும்பி வந்து, பூவை எடுத்துவிடவா என்று கேட்டார். தொட்டால் கையை முறிப்பேன் என்றேன். பத்து வருடம் மூத்த மனிதரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அவர் படலையைப் பூட்டினார்.

விடிந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன், உடைத்தாலும் நடந்தது இருக்கட்டும் என்று. அந்த அக்கா போகும்போது இன்னொன்றும் சொன்னார். அவருடைய வீட்டு வாசலில் படுத்திருந்த கழுதை அதற்குப் பிறகு என்ன செய்தது என்றால், அவர்கள் தறப்பாள் கட்டிக் கொட்டில் போட்ட அன்று அது கிணற்றடியில்

மனைவி கூப்பிடுகிறாள். படலையில் நின்று, போனைக் காதில் வைத்தபடி.

"இஞ்சேருங்கோ, வாச்சர். அலவாங்கோட ரெண்டு பேர் வந்திட்டினமாம். சேரும் நிக்கிறாராம். பூ அப்பிடியே இருக்காம்."

எழுதுகிறேன், முடித்துவிட்டு வருகிறேன் என்றேன்.

"எழுதினது காணும். உடைக்க வந்தவைக்கும் உங்களைத் தெரியுமாம், நீங்கள் வராமல் கை வைக்க மாட்டமெண்டு நிக்கினமாம். சட்டையைப் போடுங்கோ. நானும் வாறன், அந்தப் பெடியனோட நான் கதைக்கிறன்."

அவள் சைக்கிளைத் தெருவில் இறக்கிவிட்டாள். முன்பாரில் ஏறி இருக்கவும் போகிறாள்போல. கிணற்றடிக் கதையின் மிச்சத்தை வந்து